கிளி புறப்பட்ட ஊருக்கு ஒரு நாள்

மாதவரம் ரவுண்டானா பக்கம் காலை ஆறரைக்கு டீக்கடையில் நின்றால் காட்டுப்பள்ளியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வரும் டிரெய்லர்களைப் பார்க்கலாம். பெட்டிகள் பலவற்றின் மேல் சீன எழுத்து இருக்கும். அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டும் எங்கள் தெருத் தம்பி போன வாரம் கண்ணாடிக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணா, பொண்ணு பிளஸ் ஒன் படிக்குது. யுவான் சுவாங் காஞ்சிபுரம் வந்தாராமே. சீனாக்காரங்க வந்து போன பழைய இடமெல்லாம் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். தனியா ஒரு வண்டி எடுத்தா ஒரே நாள்ல முடிச்சிடலாமா?"

"முடிக்கலாம் தம்பி. ஆனா போறதுக்கு முன்னாடி இன்னொரு டீ சொல்லுங்க. கொஞ்சம் பொறுமையா கேட்டுட்டுப் போனீங்கன்னா அங்க ஏமாற மாட்டீங்க."

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே ஆசையோடு பல வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாதவரத்திலிருந்து விடிகாலை கிளம்பி இரவுக்குள் திரும்பும் தூரத்தில் பழங்காலச் சீனர் கட்டிய கட்டடம் எதுவும் நிற்கவில்லை. வளைந்த கூரை, சிவப்புத் தூண் என்று தேடிப் போனால் வெறுங்கையோடு வருவோம். இங்கே இருப்பவை, சீனர்கள் எழுதி வைத்த ஊர்கள். அவர்கள் எழுதியதை நாம் கையில் கொண்டுபோய் அந்தந்த இடத்தில் நின்று படிக்க வேண்டும். அதனால் இந்தப் பயணத்துக்கு வண்டியை விட முக்கியமானது ஒரு நோட்டுப் புத்தகம். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி பாப்பாவையே நாலு பக்கம் எழுதச் சொல்லுங்கள் என்றேன்.

எங்கிருந்து தொடங்கலாம்? கையிலிருக்கிற கிளாஸிலிருந்தே தொடங்கலாம். தேயிலை என்கிறோமே, அதில் உள்ள 'தே' சீனாவின் ஃபுஜியான் கரையோரத்தில் பேசும் ஹொக்கியன் மொழிச் சொல். 'டீ' என்பதும் அதே சொல்தான், ஐரோப்பியக் கப்பலில் ஏறிச் சுற்றி வந்தது. வடக்கே 'சாய்' என்பது சீனாவின் மற்றப் பகுதிகளில் வழங்கும் 'சா'விலிருந்து வந்தது. அந்த ஃபுஜியான் கரையில் சுவான்சோ என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. அங்கே 1281-ல் தமிழ் வணிகர்கள் ஒரு சிவன் கோயில் எழுப்பி, தமிழில் கல்வெட்டும் வெட்டினார்கள். அப்போது சீனாவை ஆண்டவர் குப்லாய் கான். கல்வெட்டின் அடியில் ஒரு வரி சீன எழுத்து. தம்பி இதைக் கேட்டுவிட்டு ரோட்டில் போன டிரெய்லர் ஒன்றைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நம்மாளுங்களும் அங்க கடை போட்டிருக்காங்க." ஆமாம். போக்கும் வரவும் இரண்டு பக்கமும் இருந்தது.

நாளைத் திட்டமிடுவோம். இரண்டே ஊர்: காஞ்சிபுரம், மாமல்லபுரம். மூன்றாவதாக எதையும் சேர்க்காதீர்கள். காஞ்சியை முதலில் வைக்க வேண்டும், காரணம் நடை சாத்தும் நேரம். அங்கே கோயில்களை மதியம் 12 மணியளவில் சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகிவிடும். மாமல்லபுரத்தில் அந்தக் கவலை இல்லை, சிற்பங்கள் தொல்லியல் துறையின் பொறுப்பில் மாலை வரை திறந்திருக்கும். இந்த ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டு, உச்சி வெயிலில் சாத்திய கதவுக்கு வெளியே குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆறு மணிக்குக் கிளம்பி பைபாஸ் பிடித்து, மதுரவாயல் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறினால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் தாண்டி எட்டு மணிவாக்கில் காஞ்சி. இட்லி சாப்பிட்டுவிட்டு நேராகக் கைலாசநாதர் கோயில்.

இங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டும். கட்டியவர் இரண்டாம் நரசிம்மவர்மன், ராஜசிம்மன் என்ற பல்லவ மன்னர். காலம் ஏறத்தாழ கி.பி. 700 முதல் 728 வரை. சுற்று மதிலை ஒட்டி உள்பக்கமாக 58 சிறு கோயில்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் முகப்பில் மன்னரின் பட்டப்பெயர்கள் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கின்றன, 250-க்கும் மேல். அதே பெயர்கள் வேறு வேறு எழுத்து வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. சில வரிசையில் எழுத்து கொடிபோல் சுருண்டு வளையும். கிரந்தம் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, 'ஸ்ரீ' என்ற ஒரே எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதைக் கண்டுபிடித்த இடத்தில் நோட்டைத் திறக்க வேண்டும். சீனாவின் தாங் வம்ச வரலாற்றுப் பதிவில் 720-ஆம் ஆண்டுக்குக் கீழே தென்னிந்திய மன்னர் ஒருவரின் பெயர் இருக்கிறது: 'ஷி-லி ந-லோ-செங்-ஜியா'. மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஷி-லி என்றால் ஸ்ரீ. ந-லோ-செங்-ஜியா என்றால் நரசிங்க. சுவரில் வெட்டியிருக்கிற அதே மன்னர், சீன எழுத்தரின் காதில் விழுந்தபடி. அந்த ஆண்டு தென்னிந்தியத் தூதர்கள் சீனப் பேரரசருக்குப் பேசத் தெரிந்த ஐந்து நிறக் கிளி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அரபுகளையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் போர் யானைகளையும் படையையும் தருவதாக மன்னர் சொல்லி அனுப்பினார், அந்தப் படைக்கு ஒரு பெயரும் கேட்டார். பேரரசர் மகிழ்ந்து 'நற்பண்பைப் போற்றும் படை' என்ற பொருளில் பெயர் சூட்டினார். அடுத்து இன்னொரு விண்ணப்பம் போயிற்று. சீனத்துக்காக ஒரு கோயில் கட்டியிருக்கிறேன், அதற்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்று. அதுவும் கிடைத்தது. எல்லாம் ஒரே ஆண்டுக்குள்.

எனக்கு இதில் பிடித்தது கிளிதான். கடலில் மாதக்கணக்கில் போகும் கப்பலில் ஒரு கிளியை உயிரோடு காப்பாற்றிக் கொண்டுபோய், பேசவும் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் தினமும் அதற்குத் தீனி வைத்திருப்பார், பேச்சுக் கொடுத்திருப்பார். அது என்ன மொழியில் பேசியிருக்கும் என்று பாப்பாவை யோசிக்கச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அந்தப் பேரரசர் பெயர் சுவான்சொங். யாத்திரை வந்த துறவி யுவான் சுவாங். பெயர் ஒன்றுபோல் காதில் விழும், ஆனால் துறவி வந்தது 80 ஆண்டுகளுக்கு முன்பு, ஏறத்தாழ 640-ல். அப்போது காஞ்சியை ஆண்டவர் முதலாம் நரசிம்மவர்மன், அதாவது மாமல்லன். ராஜசிம்மன் அவருடைய கொள்ளுப்பேரன். இரண்டு நரசிம்மர், இரண்டு சீனர். இந்த நாலு பெயரை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டால் குழப்பம் வராது.

யுவான் சுவாங் பார்த்த காஞ்சியில் சுமார் 100 பௌத்த விகாரைகள், 10,000 பிக்குகள், 80 தேவர் கோயில்கள் இருந்ததாக அவர் குறிப்பு சொல்கிறது. நகரின் சுற்றளவு, சீன அளவில், 30 லீ. நாளந்தாவின் பேராசிரியர் தர்மபாலர் பிறந்த ஊர் என்றும் எழுதினார். இங்கிருந்து இலங்கைக்குப் போவதுதான் அவர் எண்ணம். ஆனால் அங்கே மன்னர் இறந்து பஞ்சமும் வந்துவிட்டது என்று இலங்கையிலிருந்து வந்த துறவிகள் சொன்னதால் கடல் கடக்காமலே திரும்பினார். அந்த விகாரைகளில் ஒன்றுகூட இன்று எழுந்து நிற்கவில்லை. எஞ்சிய புத்தர் சிலைகள் ஊருக்குள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. காமாட்சியம்மன் கோயில் உள்பிரகாரத்தில் நின்ற உயரமான புத்தர் சிலையைப் பற்றி ஆய்வாளர் கோபிநாத ராவ் 1915-ல் எழுதினார். அந்தச் சிலை இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது.

சீனாவுக்குப் போன பௌத்தத் துறவி போதிதருமரைப் பற்றித் தம்பி கேட்காமல் இருப்பாரா? 2011-ல் 'ஏழாம் அறிவு' படம் பார்த்த எல்லாருக்கும் அந்தக் கேள்வி உண்டு. பதிலைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். 547-ஐ ஒட்டி எழுதப்பட்ட மிகப் பழைய சீனக் குறிப்பு அவரை மேற்கே பாரசீகப் பக்கத்திலிருந்து வந்தவர் என்கிறது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த இன்னொரு குறிப்பு, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி, பல்லவ இளவரசர் என்பதெல்லாம் பின்னால் வளர்ந்த மரபு. மரபை மதிக்கலாம், தப்பில்லை. ஆனால் அவர் பிறந்த வீடு இது என்று யாராவது ஒரு சந்தைக் காட்டினால் அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். கைலாசநாதர் சுவரில் இருப்பது கல்லில் வெட்டிய பெயர். அந்த வேறுபாட்டைப் பிள்ளைக்கு இப்போதே புரியவைத்தால் பின்னால் எந்த வரலாற்றைப் படிக்கும்போதும் உதவும்.

பதினொன்றுக்குள் வைகுண்டப் பெருமாள் கோயிலை எட்டிப் பார்த்துவிடுங்கள். திருச்சுற்றில் பல்லவர் வரலாறு முழுதும் சிற்பமாக ஓடுகிறது. சி. மீனாட்சி அதை ஆராய்ந்து எழுதிய நூல் 1941-ல் வந்தது. சீன யாத்திரிகர் என்று ஒரு சிற்பத்தைக் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள், நோட்டில் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

சாப்பிட்டுவிட்டு செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். வெயில் நேரம் வண்டிக்குள் கழிவது இந்த வழியின் இன்னொரு லாபம். அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை என்பதால் பிற்பகலில் வெயில் முகத்தில் அடிக்காமல் நின்று பார்க்கலாம். தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் குழந்தைகள் தேடட்டும். 2019 அக்டோபர் 11 மாலை பிரதமர் மோதியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இந்தப் பாறையிலிருந்துதான் நடக்கத் தொடங்கினார்கள். அடுத்து வெண்ணெய் உருண்டை, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில். அன்று டிவியில் பார்த்தவர்களுக்கு வழி பழகியிருக்கும். ரதங்களுக்கு வாங்கும் டிக்கெட்டே கடற்கரைக் கோயிலுக்கும் செல்லும், பத்திரமாக வைத்திருங்கள்.

கடற்கரைக் கோயிலை நாலரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் கட்டியவர் அதே ராஜசிம்மன். காலையில் பெயரைப் பார்த்தோம், மாலையில் கடலைப் பார்க்கிறோம். பல்லவரின் துறைமுகம் இது. திருமங்கையாழ்வார் கடல்மல்லை என்று பாடிய இந்த ஊரில் செல்வம் ஏற்றிய கப்பல்கள் நின்றன. கிளியும் தூதரும் எந்தத் துறையில் கப்பல் ஏறினார்கள் என்று பதிவில் இல்லை, ஆனால் அந்த மன்னர் எழுப்பிய கோயிலின் நிழலில் நின்று கிழக்கே பார்க்கும்போது 720 வெறும் எண்ணாகத் தோன்றாது. நோட்டின் கடைசிப் பக்கத்தை அங்கே படிக்கச் சொல்லுங்கள்.

திரும்பும்போது சனி, ஞாயிறு என்றால் ஈசிஆர் நெரிசலில் மாட்ட வேண்டாம். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகப் பெருங்களத்தூர் பைபாஸ் ஏறினால் நேரே நம்ம ஊர். மொத்தம் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடும். வண்டி பேசும்போது எத்தனை கிலோமீட்டருக்கு என்ன வாடகை, டோலும் பார்க்கிங்கும் டிரைவர் பேட்டாவும் அதில் சேர்த்தியா என்று முன்னாலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். டிரைவரிடம் காலையிலேயே திட்டத்தைச் சொல்லுங்கள். இல்லையென்றால் பட்டுச் சேலைக் கடை வாசலில் ஒரு மணி நேரம் போய்விடும்.

"நாகப்பட்டினத்துல சீனா கோபுரம் இருந்துச்சாமே?" என்றார் தம்பி. இருந்தது. சீன எழுத்து பொறித்த செங்கல் கோபுரம் ஒன்று 1267-ல் கட்டப்பட்டதாக வாங் தாயுவான் என்ற சீன வணிகர் பதினான்காம் நூற்றாண்டில் எழுதினார். அது நாகப்பட்டினத்தில் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த ஊரில் சீன கோபுரம் என்று பெயர் பெற்று நின்ற பழைய கோபுரத்தை 1867-ல் இடித்துவிட்டார்கள். இன்று போனால் கடல்தான் இருக்கும், தூரமும் 300 கிலோமீட்டர். இடித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. ஆனால் அந்த ஊர் மண்ணிலிருந்து 1856 முதல் கிடைத்த நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத்திருமேனிகளில் நல்ல தொகுதி எழும்பூரில் இருக்கிறது. மாதவரத்திலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம்.

ஆகையால் தம்பிக்கு நான் சொன்ன முறை இது: ஒரு வாரம் எழும்பூர், அடுத்த வாரம் வண்டி. காஞ்சியிலிருந்து வந்த புத்தரையும் நாகப்பட்டினத்துத் திருமேனிகளையும் முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். கைலாசநாதர் கோயில் மணற்கல்லால் ஆனது, தொட்டால் உதிரும். சிறு கோயில்களுக்குள் பழைய ஓவியத்தின் வண்ணம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் கை வைக்கக் கூடாதென்று பிள்ளையிடம் வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். எழும்பூருக்கு எந்த நாளும் போகலாம், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.