மூடாக்கும் முற்றத்து நாயும்

பெயரிலேயே வேம்பைத் தாங்கி நிற்பது வேப்பம்பட்டு. சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் திருநின்றவூரை அடுத்துள்ள இவ்வூரில் வயல்கள் பல மனைகளாகிவிட்டன; எனினும் வாசலில் நான்கு செடிகளும் திண்ணையோரம் ஒரு நாயும் இல்லாத தெரு அரிது. கோடையில் மண்ணின் ஈரம் காக்க, செடியின் அடியில் வைக்கோலையோ சருகையோ பரப்புவர். இதனை மூடாக்கு என்பர். செடிக்கு நலம் தரும் மூடாக்கு, அதனை முகர்ந்து கிளறும் நாய்க்கும் நலம் தருமா?

வைக்கோல், கரும்புத் தோகை, வேப்பஞ்சருகு ஆகியவற்றால் பெரிதும் அச்சமில்லை. தென்னை நார்க்கழிவும் நஞ்சன்று. ஆயினும், அது தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சி உப்பும் இயல்புடையது. உலர்ந்த கட்டியைக் குட்டிநாய் கடித்து விழுங்கினால் குடல் அடைபடக்கூடும். ஆகவே, ஊறவைத்து உதிர்த்த பின்னரே அதனைப் பரப்புதல் வேண்டும்.

நிலக்கடலைத் தோடு நம் பகுதியில் எளிதில் கிடைப்பது. உலர்ந்திருக்கும்வரை தீங்கில்லை. ஐப்பசி மழையில் நனைந்து, உள்ளே தங்கிய பருப்புடன் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உருவாகலாம். அது கல்லீரலைச் சிதைப்பது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிலக்கடலைப் பிண்ணாக்கு கலந்த தீவனத்தை உண்ட வான்கோழிகள் ஓர் இலட்சத்திற்கும் மேலாக மடிந்தன. அந்நஞ்சை உலகம் அறிந்துகொண்டது அதன் பின்னரேயாகும்.

மேலைநாட்டுத் தோட்டங்களில் விரும்பிப் பரப்பப்படுவது கோகோ விதைத்தோல். நம் பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளிலும் கோகோ ஊடுபயிராக விளைகிறது. வறுத்த விதையிலிருந்து நீக்கப்படும் தோலில் தியோபுரோமின் என்னும் வேதிப்பொருள் உண்டு. மனித உடல் இதனை விரைவில் சிதைத்துவிடும். நாயின் உடலோ மிக மெதுவாகவே சிதைக்கும். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் உட்சென்றாலே வாந்தியும் பதற்றமும் தோன்றலாம். 600 மில்லிகிராம் அளவில் வலிப்பு வரக்கூடும். சாக்லேட்டின் மணமே நாயை ஈர்த்துவிடுவதுதான் இதிலுள்ள இடர்.

இவை அனைத்தினும் கொடியது மூடாக்கின்கீழ் உரமாக இடப்படும் ஆமணக்குப் பிண்ணாக்கு. வேப்பம் பிண்ணாக்கின் கசப்பு நாயைப் பெரும்பாலும் விலக்கிவிடும். ஆமணக்கிற்கு அத்தகைய காவல் இல்லை. எலும்புத்தூளுடன் கலந்தாலோ நாய் அதனைத் தோண்டியே உண்ணும். ஆமணக்கு விதையிலுள்ள ரைசின் என்னும் நஞ்சுப் புரதம் எண்ணெயோடு செல்லாது பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. போதிய வெப்பத்தால் மட்டுமே அதன் வீரியம் அழியும். கடையில் வாங்கும் மூட்டை அவ்வாறு சூடேற்றப்பட்டதா என்பதைக் கண்ணால் அறிய இயலாது.

ரைசினுக்கு முறிமருந்து இல்லை. உண்டவுடன் குறிகள் தோன்றுவதும் இல்லை. பல மணி நேரம் நாய் வழக்கம்போல் ஓடியாடும். பின்னரே வாந்தியும் குருதி கலந்த கழிச்சலும் தொடங்கும். எனவே, உண்டதைக் கண்டால் குறிகளுக்குக் காத்திராமல், உரப்பையின் சீட்டுடன் உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். வீட்டிலேயே உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது உடலில் உப்பின் அளவை மிகுத்து வேறொரு கேட்டை விளைவிக்கும்.