மிகை வளர்ச்சி இயக்குநீரும் கல்லீரலின் குளுக்கோசு உற்பத்தியும்

வளர்ச்சி இயக்குநீர் என்பது கபச்சுரப்பியின் முன்மடல் சுரக்கும் ஹார்மோன் ஆகும். எலும்பு, தசை ஆகியவற்றின் வளர்ச்சியைத் தூண்டும் இது, இரத்தத்தில் குளுக்கோசின் அளவையும் உயர்த்தக்கூடியது. இது மிகையாகச் சுரக்கும்போது கல்லீரல் தேவையற்ற நேரத்திலும் குளுக்கோசை வெளியிடுவதால் நீரிழிவு நோய் ஏற்படலாம்.

இயல்பான செயற்பாடு

உணவு உண்டபின் சுரக்கும் இன்சுலின், கல்லீரலின் குளுக்கோசு உற்பத்தியைக் குறைக்கிறது; தசைகள் குளுக்கோசை உள்ளெடுக்கச் செய்கிறது. பட்டினியின்போது இன்சுலின் குறைந்து, வளர்ச்சி இயக்குநீர் கூடுகிறது. இது சேமிப்புக் கொழுப்பைச் சிதைத்து எரிபொருளாக்குவதால் தசைப் புரதம் காக்கப்படுகிறது; குளுக்கோசு மூளையின் தேவைக்கு மிஞ்சுகிறது. இரத்தத்தில் குளுக்கோசு உயர்ந்ததும் இதன் சுரப்பு தணிகிறது.

மிகைச் சுரப்பின் விளைவு

கபச்சுரப்பியில் தோன்றும் புற்றுநோயல்லாத கட்டியே மிகைச் சுரப்புக்குப் பெரும்பாலும் காரணமாகிறது. வளர்ந்தவர்களில் இது அங்கப்பாரிப்பு (அக்ரோமெகலி) எனும் நோயை உண்டாக்குகிறது. இந்நோயில் உணவுக்குப் பின்னரும் சுரப்பு தணியாததால், பட்டினிக்கால ஏற்பாடு இடைவிடாமல் தொடர்கிறது:

- கொழுப்புச் சிதைவில் வெளிப்படும் கிளிசரால், கல்லீரலில் புதிய குளுக்கோசு உருவாக மூலப்பொருளாகிறது.
- கல்லீரல் கொழுப்பு அமிலங்களை எரிப்பதால் கிடைக்கும் ஆற்றல் இவ்வுருவாக்கத்துக்குத் துணைபுரிகிறது.
- கல்லீரலில் இன்சுலினின் சமிக்ஞை வலுவிழப்பதால், குளுக்கோசு வெளியீடு போதிய அளவு அடங்குவதில்லை.

தசைகளும் குளுக்கோசைக் குறைவாகவே உள்ளெடுக்கின்றன. கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டும் வரை குளுக்கோசு அளவு இயல்பாக இருக்கலாம். அதற்கு இயலாதபோது நீரிழிவு வெளிப்படுகிறது.

வரலாறு

அர்கெந்தீன உடலியங்கியலாளர் பெர்னார்டோ ஊசே, கணையம் நீக்கப்பட்ட நாய்களில் கபச்சுரப்பியையும் நீக்கியபோது நீரிழிவின் கடுமை குறைவதைக் கண்டார். சர்க்கரை வளர்சிதை மாற்றத்தில் கபச்சுரப்பி முன்மடலின் பங்கைக் கண்டறிந்தமைக்காக 1947 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நோயறிதலும் சிகிச்சையும்

நோயறிதலுக்கு 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, வளர்ச்சி இயக்குநீரின் அளவு பார்க்கப்படுகிறது. நலமானவர்களில் அது வெகுவாகக் குறையும். அங்கப்பாரிப்பு உள்ளவர்களில் அவ்வாறு குறைவதில்லை. நீரிழிவு உள்ள ஒருவருக்கு மோதிரமும் காலணியும் சிறிதாகிப்போதல், தாடை பெரிதாதல் போன்ற மாற்றங்கள் தென்பட்டால் இந்நோயையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

கட்டியை அறுவை சிகிச்சையால் அகற்றி இயக்குநீர் அளவு சீரானால், பலருக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேம்படுகிறது. மருந்துத் தேர்வும் முக்கியமானது. வளர்ச்சி இயக்குநீரின் ஏற்பியைத் தடுக்கும் பெக்விசோமன்ட் இன்சுலினின் செயற்பாட்டை மேம்படுத்துகிறது. பாசிரியோடைடு வளர்ச்சி இயக்குநீரைக் குறைத்தாலும், இன்சுலின் சுரப்பையும் குறைப்பதால் குளுக்கோசை உயர்த்தக்கூடும்.