சுவரில் தொங்கும் ஆபத்து: புயல் பருவத்துக்கு உங்கள் ஏ.சி. தயாரா?

புது தில்லி: புயல் பாதிப்பு குறித்து நாடாளுமன்றத்தில் விவாதம் நடைபெறும்போதெல்லாம் எழுப்பப்படும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. எத்தனை உயிர்கள் பலியாயின, எத்தனை மின் கம்பங்கள் சாய்ந்தன, மத்திய அரசு எவ்வளவு நிதி அளித்தது என்று உறுப்பினர்கள் கேட்பர். தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கையும், அதற்கு நெறிமுறைகளில் இடமில்லை என்ற உள்துறை அமைச்சகத்தின் பதிலும் இரு அவைகளுக்கும் பழகிப்போனவை. இந்த விவாதங்களில் அதிகம் இடம்பெறாத பொருள் ஒன்று உண்டு. கடலோர நகரங்களின் அடுக்குமாடிச் சுவர்களில் இரண்டு இரும்புக் கைகளின் மீது அமர்ந்திருக்கும் ஏ.சி. இயந்திரத்தின் வெளிப்புற யூனிட்தான் அது.

ஒடிசாவில் ஏறத்தாழ 10,000 பேரைப் பலிகொண்ட 1999 அக்டோபர் சூப்பர் புயலின்போது ஏ.சி. என்பது வசதி படைத்தோரின் பொருள். மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல் திட்டமும் நாட்டின் வீடுகளில் சுமார் 8 சதவீதத்தில்தான் ஏ.சி. உள்ளது என்று கணக்கிட்டது. அதன் பிறகு நிலைமை வேகமாக மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி. மீதான சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புவனேசுவரம், விசாகப்பட்டினம், கொல்கத்தா ஆகிய நகரங்களில் நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுச் சுவர்களிலும் இன்று இந்த யூனிட்டுகளைக் காணலாம். இவை அனைத்தும் புயல் பாதையில் உள்ள நகரங்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கோடையும் புயலும் ஒன்றாக...

இந்தியக் கடற்கரைக்குப் புயல் பருவம் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. முதல் பருவம் கடும் கோடையோடு சேர்ந்தே வருவதுதான் சிக்கல். 2019 மே 3-ல் புரி அருகே கரையைக் கடந்த ஃபானி, 2020 மே 20-ல் சுந்தரவனப் பகுதியைத் தாக்கிய உம்பன், 2021 மே 17-ல் குஜராத்தைத் தாக்கிய டவ்தே, 2024 மே 26-ல் மேற்கு வங்க, வங்கதேசக் கரையைக் கடந்த ரீமல் ஆகிய அனைத்தும் கோடைப் புயல்களே.

ஃபானி வரும் முன் சுமார் 12 லட்சம் பேரை ஒடிசா அரசு பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றியது. ஆயினும் 64 பேர் உயிரிழந்தனர். மின் கட்டமைப்பு நிலைகுலைந்ததால், புரியின் பல பகுதிகள் வாரக்கணக்கில் இருளில் மூழ்கின. மே மாதப் புழுக்கத்தில் மின்விசிறியும் குடிநீர் மோட்டாரும் இன்றி மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. கொல்கத்தாவிலும் உம்பனுக்குப் பிறகு மின்சாரம் கேட்டுப் பொதுமக்கள் சாலை மறியலில் ஈடுபட்டனர். முதியோரும் நோயாளிகளும் உள்ள வீட்டில், மின்சாரம் திரும்பும்போது ஏ.சி. பழுதின்றி இயங்குவது ஆடம்பரம் சார்ந்த விஷயம் அல்ல.

காற்றின் கணக்கு

கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்று விசைக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் மூன்றாம் பகுதி அளவுகோலாக உள்ளது. விசாகப்பட்டினம், புவனேசுவரம், கொல்கத்தா ஆகிய நகரங்களுக்கு அது விதித்துள்ள அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோ மீட்டர். தில்லிக்கே இது விநாடிக்கு 47 மீட்டர்.

விநாடிக்கு 50 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது சுமார் 150 கிலோ எடைக்கு நிகரான அழுத்தத்தைச் செலுத்தும். வீட்டு ஏ.சி.யின் வெளிப்புற யூனிட்டின் முகப்பு அரை சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அதைத் தள்ளும் விசை 65 கிலோவைத் தாண்டும். யூனிட்டின் எடையோ பெரும்பாலும் 25 முதல் 40 கிலோதான். தன் எடையை விஞ்சும் விசையை எதிர்த்து அது நிற்க வேண்டுமானால், நான்கைந்து போல்ட்டுகளே துணை. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். உயரம் கூடக் கூட வேகமும் கூடும். ஃபானி கரையைக் கடந்தபோது காற்றின் உச்ச வேகம் மணிக்கு 205 கிலோ மீட்டரை எட்டியது.

கடலோரத்தில் உப்புக் காற்று இந்த போல்ட்டுகளை ஓசையின்றி அரித்துவிடுகிறது. மேலே பெயிண்ட் பளபளக்கும். சுவருக்குள் இருக்கும் பகுதி துருவாகியிருக்கும். புயல்தான் காரணமாக வேண்டும் என்பதும் இல்லை. தலைநகர் கரோல்பாக்கில் 2024 ஆகஸ்டில், புயல் ஏதும் இல்லாத நாளில், மாடியிலிருந்து விழுந்த ஏ.சி. யூனிட் தெருவில் இருந்த 18 வயது இளைஞரின் உயிரைப் பறித்தது.

பருவத்துக்கு முன்...

எனவே தயாரிப்பைப் புயல் சின்னம் தோன்றிய பின் தொடங்கக் கூடாது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஆண்டுக்கு இருமுறை மெக்கானிக்கை அழைத்துப் பார்ப்பது நன்று. கேஸ் அளவையும் ஃபில்டரையும் மட்டும் பார்த்துவிட்டு அவரை அனுப்பிவிடக் கூடாது. ஸ்டாண்டு, போல்ட், சுவர் ஆகிய மூன்றையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். துருப்பிடித்த ஸ்டாண்டுக்குப் பெயிண்ட் அடிப்பதைவிட அதை மாற்றுவதே பாதுகாப்பு. துத்தநாகப் பூச்சு கொண்ட இரும்பு அல்லது துருப்பிடிக்காத எஃகு கடலோரத்துக்கு ஏற்றது. யூனிட்டின் கால்கள் ஸ்டாண்டுடன் நட்டு போட்டு முடுக்கப்பட்டுள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

மொட்டை மாடியில் செங்கல்லின் மீது வைக்கப்பட்ட யூனிட்டுகளைக் கான்கிரீட் மேடையில் போல்ட்டால் பிணைப்பது அவசியம். தரைத்தளத்தில் உள்ளவற்றை, முந்தைய ஆண்டுகளில் வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைக்க வேண்டும். ஜன்னல் ஏ.சி.யாக இருந்தால், சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைப்பது மழைநீர் உள்ளே புகுவதைத் தடுக்கும். இன்வெர்ட்டர் வகை ஏ.சி.களில் உள்ள மின்னணு அட்டை, மின் அழுத்த ஏற்ற இறக்கத்தால் எளிதில் கருகக் கூடியது. தனி எம்.சி.பி., முறையான எர்த் இணைப்பு, தேவைப்படும் இடங்களில் ஸ்டெபிலைசர் ஆகியவை அதைக் காக்கும்.

எச்சரிக்கை வந்த பின்...

இந்திய வானிலை ஆய்வுத் துறை, பாதிப்பு தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் ஒரு புயல் எச்சரிக்கையையும், 24 மணி நேரத்துக்கு முன் அடுத்த கட்ட எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. முதல் எச்சரிக்கை வந்தவுடன் யூனிட்டைச் சுற்றியுள்ள பூந்தொட்டி, தகரம், உடைந்த நாற்காலி போன்றவற்றை அகற்ற வேண்டும். காற்றில் பறக்கும் இவையே யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகளை நசுக்குகின்றன. தார்ப்பாயால் மூடுவோர் அதை இறுகக் கட்ட வேண்டும். தளர்ந்த தார்ப்பாய் பாய்மரம் போலக் காற்றைப் பிடித்து யூனிட்டையே இழுத்துவிடும். மூடிய நிலையில் ஏ.சி.யை ஒருபோதும் இயக்கக் கூடாது.

இரண்டாம் எச்சரிக்கைக்குப் பின், மின்சாரம் இருக்கும்போதே அறைகளைக் குளிர்வித்து, ஜன்னல்களையும் திரைகளையும் மூடி வைப்பது சில மணி நேரத்துக்கு உதவும். காற்று வலுப்பதற்கு முன் ஏ.சி.யை நிறுத்திவிட வேண்டும். ரிமோட்டில் அணைத்தால் போதாது, எம்.சி.பி.யையும் அணைக்க வேண்டும்.

காற்று வலுத்த பிறகு எவரையும் யூனிட்டைக் கட்டச் சொல்லி வெளியே அனுப்பக் கூடாது. பல நகரங்களில் ஏ.சி. மெக்கானிக்குகள் பாதுகாப்பு பெல்ட் கூட இன்றி நான்காம், ஐந்தாம் மாடிச் சுவர்களில் நின்று பணியாற்றுவதை யாரும் காணலாம். வீட்டுக்காரர் மார்ச்சில் தள்ளிப்போட்ட வேலைக்கு மே மாதப் புயல் காற்றில் அவர்கள் உயிரைப் பணயம் வைக்க நேரக் கூடாது.

கடந்த பின்...

மின்சாரம் வந்தவுடன் ஏ.சி.யைப் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. முதலில் வந்த மின்சாரம் சீராக உள்ளதா என்று சிறிது நேரம் கவனிக்க வேண்டும். யூனிட் சாய்ந்திருந்தாலோ, தண்ணீரில் மூழ்கியிருந்தாலோ, மெக்கானிக் சோதிக்கும் வரை எம்.சி.பி.யைத் தொடக் கூடாது. புதிய ஏ.சி.களில் பயன்படுத்தப்படும் ஆர்-32 வாயு ஓரளவும், ஆர்-290 வாயு எளிதிலும் தீப்பற்றக் கூடியவை. குழாய் முறிந்து கசிவு இருக்கலாம் என்று தோன்றினால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, நெருப்பையும் சுவிட்சுகளையும் தவிர்க்க வேண்டும். பாதிப்பு இல்லை எனினும், உப்பு படிந்த தகடுகளை, மின் இணைப்பைத் துண்டித்த பின், நல்ல நீரால் மெதுவாகக் கழுவுவது இயந்திரத்தின் ஆயுளைக் கூட்டும்.

ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் நேரடியாகச் செருகி ஏ.சி.யை இயக்குவது பெருங்குற்றத்துக்கு ஒப்பானது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லையெனில் அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் பாயும். கம்பத்தில் ஏறி நிற்கும் மின் ஊழியரைக் கொல்லும்.

யார் பொறுப்பு?

இழப்பீட்டிலும் தெளிவு தேவை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிமுறைகள், வீட்டுப் பொருள்களுக்கு அளிக்கும் சிறு தொகை துணிமணிகளுக்கும் பாத்திரங்களுக்கும் போதுமானதே அன்றி ஏ.சி.க்கு அல்ல. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா காப்பீட்டுத் திட்டத்தில் புயல், வெள்ளச் சேதங்கள் அடங்கும். வீட்டைக் காப்பீடு செய்தால், அத்தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் ரூ. 10 லட்சத்துக்கு, வீட்டுப் பொருள்களும் பாதுகாப்பு பெறுகின்றன. வாங்கிய ரசீதையும், புயலுக்கு முன் எடுத்த புகைப்படத்தையும் பத்திரப்படுத்துவது உரிமை கோர உதவும்.

ஆனால் தெருவில் செல்பவர் தலையில் யூனிட் விழுந்தால் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையதா, வாடகைதாரருடையதா, பொருத்திய நிறுவனத்துடையதா? ஏ.சி. ஒவ்வொன்றிலும் நட்சத்திரக் குறியீடு ஒட்டப்படுகிறது. 2020 ஜனவரி முதல் 24 டிகிரி இயல்பு வெப்பநிலை கட்டாயமாக்கப்பட்டது. 20 முதல் 28 டிகிரி வரை வரம்பு விதிக்கும் திட்டத்தை 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் அறிவித்தார். எவ்வளவு மின்சாரம் செலவாகும், எவ்வளவு குளிரலாம் என்பதில் இவ்வளவு அக்கறை காட்டும் அரசு, அதைத் தாங்கும் ஸ்டாண்டு எவ்வளவு காற்றைத் தாங்கும் என்பதையும் அந்த அட்டையில் சேர்க்கச் சொல்லலாம்.

கேள்வி நேரத்தில் கடலோரத் தொகுதி உறுப்பினர் எவரேனும் இதை எழுப்பினால் பயன் உண்டு. அதுவரை, ஸ்டாண்டின் போல்ட்டுகளைச் சோதிக்க வேண்டிய கடமை அவரவர் வீட்டிலேயே தொடங்குகிறது.