கரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

திருக்கடையூர்ப் பக்கம் குட்டையை ஆழமாக வெட்டினால் உப்பு ஊறிவிடும். கடைமடை என்பதால் ஆற்றுத் தண்ணீர் எந்த நாளில் வரும் என்பதும் நிச்சயமில்லை. அதனால் வெட்டும் ஆழத்தைக் குறைத்துக் கரையை உயர்த்தினேன். 40 சென்ட் பரப்பு, வயல் மட்டத்துக்கு மேல் 4 அடி தண்ணீர். நடவுக்கு வந்த அம்மா ஒருவர் கரையைப் பார்த்துவிட்டு, "சார், ராத்திரியில இது ஒடச்சிகிட்டா நாங்க எங்க போறது?" என்றார். அவர் வீடு கரையிலிருந்து நூறு அடிதான்.

அன்று கணக்குப் போட்டேன். தரைக்குக் கீழே நிற்கும் தண்ணீர் எங்கும் ஓடாது. மேலே நிற்பதுதான் ஆபத்து. அது மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர். எடையில் 2,000 டன்!

கரை நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. உடைந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அணைகளை ஆபத்து வகைப்படுத்துவது இந்த இரண்டாவது கேள்வியை வைத்துத்தான். புதிதாகக் கட்டிய உறுதியான அணையானாலும் கீழே குடியிருப்பு இருந்தால் அது உயர் ஆபத்து வகை. கீழே வெறும் வயல் என்றால், பழைய கரையும் குறைந்த ஆபத்து வகையில் வரலாம். வங்கியிலும் இப்படித்தான் பார்ப்போம்: கடன் வாங்குபவர் நாணயமானவரா என்பது வேறு, திரும்பி வராவிட்டால் எவ்வளவு போகும் என்பது வேறு.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் நம் குட்டைகளைத் தொடாது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றுக்கும்தான் அது. ஆகவே நம் கரையைப் பார்க்க அந்தச் சட்டப்படி எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. பொறுப்பு மட்டும் நம்முடையது.

இது பழைய வழக்குதான். கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் உடைந்து சென்னை ரயில்வே கம்பெனியின் பாதையைச் சேதப்படுத்தின. 1874இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் தீர்ப்பளித்தது. காரணம், அவை தொன்றுதொட்டு ஊர்ப் பாசனத்துக்கு இருந்துவரும் ஏரிகள். அவற்றைக் காப்பது அவர் கடமை. அவர் அலட்சியமாக இருந்ததாகவும் நிரூபணமாகவில்லை. என் லாபத்துக்கு நேற்று நான் வெட்டிய குட்டைக்கு இந்தச் சமாதானம் எப்படிப் பொருந்தும்?

மண்கரை பெரும்பாலும் இரண்டு வழியில் போகிறது. ஒன்று, தண்ணீர் மேலே வழிந்து அரிப்பது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை பெய்தது. நான் தண்ணீருக்கு மேல் விட்டிருந்த கரை ஒரு அடி, அதாவது 30 செ.மீ. வெளித் தண்ணீர் ஒரு சொட்டு வராமலே, மேலே பெய்யும் மழை மட்டுமே கரையைத் தாண்டியிருக்கும். கலிங்கு வைக்காத குட்டை அது.

மற்றொன்று, உள்ளே துளை விழுவது. நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன வேலிக்கருவை வேர், குழாயைச் சுற்றிச் சரியாக இடிக்காத மண், கோடையில் களிமண்ணில் விழும் வெடிப்பு எல்லாமே வழிதான். 2019 ஜூலையில் மகாராஷ்டிராவின் திவரே அணை உடைந்து பலர் இறந்தபோது, நண்டுதான் காரணம் என்று அமைச்சர் சொல்லிக் கேலிக்கு ஆளானார். நண்டு துளைக்கும் என்பது நமக்குத் தெரியாதா? ஆனால் அங்கே கசிவு இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்காததற்கு நண்டு என்ன செய்யும்!

கசிவில் தெளிந்த நீர் வந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். உடனே தண்ணீரை இறக்கிவிட்டு, கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

இப்போது வீடுகள் இல்லாத தெற்குப் பக்கம், வடிகாலை நோக்கி, கருங்கல் பதித்த கலிங்கு வைத்திருக்கிறேன். தண்ணீர் இரண்டரை அடிக்கு மேல் ஏறாது. கரையின் வெளிச்சரிவில் வெட்டிவேர் நட்டாயிற்று. மழைக்காலத்தில் தினமும் காலையில் கரையின் அடிவாரத்தை ஒரு சுற்று நடந்து பார்க்கிறேன். குறுவைக்கு ஒரு தண்ணீர் குறைகிறது. அந்த அம்மாவின் மகனிடம் என் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.