மழையிலும் சுற்றும் ஸ்பிரிங்க்ளர்: வீட்டுப் புல்தரைக்கு எவ்வளவு தண்ணீர்?

ஐப்பசி அடைமழையில் தெருவெல்லாம் வெள்ளமாக ஓடும்போது, சுற்றுச்சுவருக்கு உள்ளே ஸ்பிரிங்க்ளர் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். திருவண்ணாமலையில் இது இப்போது அதிசயமான காட்சியல்ல. செங்கம் சாலை, அத்தியந்தல், அடி அண்ணாமலை என்று கிரிவலப் பாதையை ஒட்டி எழும்பிய வீடுகளிலும் தங்கும் விடுதிகளிலும் வாசலில் ஒரு துண்டுப் புல்தரை இல்லாமல் இருப்பதில்லை. புல் வந்ததும் குழாய் வந்தது. குழாயைத் தொடர்ந்து டைமர் வந்தது. சித்திரை வெயிலில் யாராவது ஒருவர் வந்து, 'காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம்' என்று வைத்துவிட்டுப் போயிருப்பார். அதோடு சரி, அந்தப் பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வானத்தில் என்ன நடக்கிறது என்று டைமருக்குத் தெரியாது. அதற்கு மணி மட்டும்தான் தெரியும்.

அந்த 20 நிமிடம் எவ்வளவு தண்ணீர் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பெரிய கணக்கு ஒன்றுமில்லை. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது ஒரு லிட்டர். 500 சதுர அடிப் புல்தரை என்பது சுமார் 46 சதுர மீட்டர். நம் பக்கத்துக் கோடையில் வெயிலும் காற்றும் சேர்ந்து ஒரு நாளில் 6 முதல் 7 மி.மீ. வரை தண்ணீரை உறிஞ்சும் என்று பாசனக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அருகு, கொரியன் போன்ற வெப்பம் தாங்கும் புல் வகைகளுக்கு அதில் 60 சதவீதம் போதும். ஆக, கொளுத்தும் வெயிலிலும் ஒரு நாள் தேவை 4 மி.மீ.; அதாவது 185 லிட்டர் சொச்சம்.

இப்போது டைமர் கொடுப்பதைப் பாருங்கள். தரையிலிருந்து எழும்பி விசிறிபோல் நிலையாகத் தெளிக்கும் பாப்-அப் முனைகள் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 40 மி.மீ. தண்ணீரைக் கொட்டும். காலை, மாலை சேர்த்து 40 நிமிடம் ஓடினால் 26 மி.மீ. வரை இறங்கும். 500 சதுர அடிக்கு அது 1,200 லிட்டர். தேவையைப்போல் ஆறு மடங்கு! மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் சிந்தெக்ஸ் டேங்க் தினமும் காலியாகி, அதற்கு மேலும் கொஞ்சம் போகிறது. நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதுதான் குடிநீர்த் திட்டங்கள் வகுக்கும் அளவு. சரியாகத் தண்ணீர் விட்டாலே இந்தப் புல் ஒரு ஆளின் பங்கை விட அதிகம் குடிக்கிறது. கண்மூடித்தனமாக விட்டால் ஒன்பது பேரின் பங்கு.

திருவண்ணாமலை நகரத்துக்குக் குடிநீர் தருவதில் பெரும்பங்கு சாத்தனூர் அணையுடையது. தென்பெண்ணையின் குறுக்கே கட்டி 1958-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த அணையின் முழு நீர்மட்டம் 119 அடி. நகராட்சித் தண்ணீரை நாங்கள் புல்லுக்கு விடுவதில்லை, போர் தண்ணீர்தான் என்பார்கள் வீட்டுக்காரர்கள். வாதம் சரிபோலத் தெரியும். ஆனால் இங்கே அடியில் இருப்பது கெட்டிப் பாறை. தண்ணீர் தங்குவதெல்லாம் பாறை இடுக்குகளிலும் மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கிலும்தான். பக்கத்து வீட்டு போருக்கும் நம் போருக்கும் பல நேரம் ஒரே இடுக்குதான் வழி. பங்குனியில் ஒரு வீட்டு மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்தால், அடுத்தது யார் என்று தெருவே கேட்கத் தொடங்கும்.

சரி, நம் வீட்டு முனைகள் உண்மையில் எவ்வளவு கொட்டுகின்றன? பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்ப வேண்டாம். அழுத்தம் வீட்டுக்கு வீடு மாறும். நேரான சுவருள்ள, ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர் எட்டோ பத்தோ எடுத்துப் புல்தரையில் பரவலாக வையுங்கள். கால் மணி நேரம் தண்ணீரை ஓடவிட்டு, ஒவ்வொரு டம்ளரிலும் பள்ளிக்கூட ஸ்கேலை விட்டு அளங்கள். சராசரியை நான்கால் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு வந்துவிடும். அதைவிட முக்கியம், டம்ளருக்கு டம்ளர் உள்ள வித்தியாசம். ஒன்றில் 14 மி.மீ., மூலையில் இருப்பதில் 4 மி.மீ. என்றால், அந்த மூலை காய்கிறதே என்று மொத்தப் புல்லுக்கும் நேரத்தைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அந்த மூலையின் முனை அடைத்திருக்கலாம், சாய்ந்திருக்கலாம், முன்னால் செம்பருத்தி வளர்ந்து மறைத்திருக்கலாம். சரிசெய்ய வேண்டியது அந்த ஒரு முனையை.

அடுத்தது, தினமும் விடுவதா, இடைவெளி விடுவதா? தினமும் மேலாக நனைத்தால் வேர் மேலேயே படரும். ஒருநாள் மின்வெட்டு வந்தாலும் புல் வாடிவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனைத்தால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். மேலே போட்ட கணக்குப்படி மூன்று நாளின் தேவை 12 மி.மீ. அதே பாப்-அப் முனை என்றால் 18 நிமிடம். அதையும் ஒரே மூச்சில் விடாமல் ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, நடுவில் அரை மணி நேரம் விட்டால் மண் குடிக்க நேரம் கிடைக்கும்.

இந்த இடைவெளி இங்கே ஏன் அவசியம் என்றால், புது வீட்டு முற்றம் பெரும்பாலும் மண்ணே அல்ல. கட்டட இடிபாடு, ஜல்லி, சிமென்ட் கழிவு எல்லாவற்றையும் ஜேசிபியால் சமப்படுத்தி, மேலே நாலு அங்குலம் செம்மண்ணோ ஏரி வண்டலோ கொட்டிப் புல்லைப் பதித்திருப்பார்கள். மேல் மண் நனைந்ததும் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடும். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைத் தண்ணீர் விட்ட மறுநாள் குத்திப் பாருங்கள். அரை அடி தடங்கலில்லாமல் இறங்கினால் சரி. இரண்டு அங்குலத்தில் 'டக்' என்று நின்றால் பிரச்சினை தண்ணீரில் இல்லை. மண்ணைக் கொத்தி மக்கிய எரு சேர்க்க வேண்டும்.

விடியற்காலைதான் நல்ல நேரம். காற்று குறைவு, ஆவியாவதும் குறைவு. இரவில் நனைந்த இலை காலை வரை காயாமல் இருந்தால் பூஞ்சாணம் வரும். புல்லுக்குத் தாகமா என்று டைமரைக் கேட்காமல் புல்லையே கேட்கலாம்: நடந்துபோன கால் தடம் நிமிராமல் அப்படியே கிடந்தாலோ, பச்சை மங்கி சாம்பல் படர்ந்தாலோ, தண்ணீர் விட நேரமாகிவிட்டது.

அழுத்தம் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் பணம் வீணாவது இங்கேதான். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்தான் ஏறக்குறைய ஒரு பார். ஒரு மாடி வீட்டு மொட்டை மாடி டேங்கிலிருந்து தரைக்கு வரும்போது 0.7, 0.8 பார் இருந்தால் பெரிய விஷயம். பாப்-அப் முனைகளுக்கு 2 பார் வேண்டும். டேங்க் லைனில் நேரடியாக மாட்டினால் அவை எழும்பக்கூடச் செய்யாது. பிரஷர் பம்ப் இல்லாமல் வேலை நடக்காது. சொட்டுநீர் டிரிப்பர்கள் குறைந்த அழுத்தத்திலும் ஓரளவு ஓடும். ஆகவே செடிகளுக்கு டேங்க், புல்லுக்கு பம்ப் என்று லைனைப் பிரித்துவிடுவது நல்லது. குழாயில் திருகும் பேட்டரி டைமர்களிலும் இரண்டு வகை உண்டு. சோலனாய்டு வால்வு உள்ளவை திறக்கக் குறைந்தபட்ச அழுத்தம் தேவை. டேங்க் தண்ணீரில் பல நேரம் மக்கர் செய்யும். பால் வால்வு உள்ளவை அழுத்தமே இல்லாவிட்டாலும் திறக்கும். ஆன்லைனில் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மின்சாரத்தில் ஓடும் கன்ட்ரோலர் என்றால் உள்ளே பேக்-அப் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மாடல்கள் சில, நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு நீங்கள் வைத்ததை மறந்து தொழிற்சாலையில் வைத்த நேரத்துக்குப் போய்விடும். தினமும் பத்து நிமிடம், எல்லா வால்வும். மழையில் சுற்றும் ஸ்பிரிங்க்ளருக்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் புதிதாகக் கற்க வேண்டிய வித்தை என்று நினைக்க வேண்டாம். ஊருக்கு வெளியே மல்லாட்டை போடும் விவசாயி ஸ்பிரிங்க்ளரையும் ரெயின் கன்னையும் வருடக்கணக்காகக் கையாள்கிறார். டிக் டிக் என்று அடித்துக்கொண்டு சுற்றும் அந்த முனை, கலிபோர்னியாவின் கிளெண்டோராவில் ஓர்டன் எங்கிள்ஹார்ட் என்ற ஆரஞ்சு விவசாயி 1930-களில் உருவாக்கியதன் வாரிசு. வயலுக்காகப் பிறந்து, பிறகுதான் வீட்டுப் புல்தரைக்கு வந்தது. தமிழக அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனக் கருவிகளை 100 சதவீத மானியத்திலும், மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீத மானியத்திலும் கொடுக்கிறது. இந்த மானியம் பயிருக்குத்தான். வீட்டுப் புல்லுக்குக் கேட்டுப் போய் நிற்க வேண்டாம். ஆனால் அந்த வேலையைச் செய்யும் டிரிப் ஃபிட்டர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கும் அவர்களைக் கூப்பிடலாம்.

அவர்கள் முதலில் கேட்பது தண்ணீர் எப்படி என்றுதான். கெட்டிப் பாறைப் பகுதி போர் தண்ணீரில் உப்பு அதிகம். முனையில் வெள்ளையாகப் பொருக்கு கட்டும். டிரிப்பர் சொட்டு குறைந்துகொண்டே போய் ஒருநாள் நின்றுவிடும். வயலில் இதற்கு ஆசிட் விட்டுக் கழுவுவார்கள். வீட்டில் அந்த வம்பு வேண்டாம். முனைகளைக் கழற்றி, எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். ஃபில்டர் இல்லாமல் லைன் போடவே கூடாது. ஒரு மணல் துகள் சோலனாய்டு வால்வின் ரப்பரில் மாட்டினால் வால்வு மூடவே மூடாது. விடிந்து பார்த்தால் முற்றம் குளமாகியிருக்கும்.

மலையடிவாரத்துக்கே உரிய இன்னொரு தொல்லை, குரங்கு. தரைக்கு மேல் தெரியும் கறுப்பு டியூபை இழுத்துப் பார்க்கும், குழாயைத் திருகும், டைமரைப் பிடுங்கும். கோடையில் அணில் தண்ணீருக்காகவே டியூபைக் கடிக்கும். டியூபை நாலு அங்குலம் புதைத்து, டைமரை இரும்புப் பெட்டிக்குள் பூட்டி, தோட்டத்தில் ஒரு தொட்டித் தண்ணீர் வைத்தால் சேதம் குறையும்.

டைமரை மாற்ற வேண்டிய நாட்களை நாட்காட்டியிலேயே குறித்துவிடலாம். தை, மாசியில் ஐந்து நாளுக்கு ஒருமுறை. பங்குனி முதல் வைகாசி வரை மூன்று நாளுக்கு ஒருமுறை. ஆனி பிறந்ததும் மாலை இடிமழை ஆரம்பிக்கும். இந்த மாவட்டத்துக்கு தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கை கொடுக்கின்றன. ஆகவே ஆனி முதல் புரட்டாசி வரை டைமரை நம்பாமல், திறந்த வெளியில் ஒரு டம்ளர் வைத்து எவ்வளவு மழை விழுந்தது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். 12 மி.மீ. விழுந்திருந்தால் நான்கு நாள் விடுமுறை. ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாக நிறுத்திவிடலாம். தீபத்துக்கு வரும் கூட்டம் குடையோடு நடக்கும் ஊரில் புல்லுக்குத் தனியாகத் தண்ணீர் எதற்கு? பெரும்பாலான டைமர்களில் 'ரெயின் டிலே' பொத்தான் இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் மழை சென்சார் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். மலையில் மரம் நடுகிறவர்களின் வழக்கமும் மழையோடு ஒட்டியதுதான்: மழைக்காலத்தில் கன்றை நட்டுவிட்டால் தண்ணீர் சுமக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

எந்தப் புல் என்பதும் பாதித் தண்ணீர்ச் செலவைத் தீர்மானிக்கிறது. பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் கலப்பினங்கள்தான் உலகின் வெப்பமான ஊர்களில் கோல்ஃப் மைதானங்களை மூடியிருக்கின்றன. தண்ணீர் இல்லாவிட்டால் அருகு பழுப்பாகிப் படுத்துவிடும், ஆனால் சாகாது. ஒரு மழைக்கு மறுபடி பச்சை. அலங்காரத்துக்காக அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அகல இலைப் புல்லைப் பதித்து, அதற்கு பம்ப், டைமர், டேங்கர் என்று செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கோடையில் புல்லை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் உயரமாக விட்டாலே மண்ணில் நிழல் விழுந்து ஈரம் நிற்கும்.

அளவைக் குறைப்பது அதைவிடச் சுலபம். அமெரிக்காவில் நெவாடா மாநிலம் 2021-இல் போட்ட சட்டப்படி, லாஸ் வேகாஸ் பகுதியில் பார்வைக்கு மட்டுமே உள்ள புல்லுக்கு 2026 முடிந்தபின் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது. தனி வீடுகளுக்கு மட்டும் விலக்கு. அவ்வளவு தூரம் போவானேன், 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீரை விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. நம் ஊரில் அப்படியொரு உத்தரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. யாரும் கால் வைக்காத பக்கவாட்டுப் புல்லை எடுத்துவிட்டு நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி வைத்து, ஒவ்வொன்றுக்கும் 4 லிட்டர் டிரிப்பர் ஒன்று போட்டால் போதும். குளியலறைத் தண்ணீர் வாழைக்குப் போகட்டும். அதை டிரிப் லைனில் விட்டால் சோப்பும் முடியும் அடைத்துவிடும்.

புதிதாக லைன் போடுகிறவர்கள் ஃபிட்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அவரை நிறுத்தி வைத்து மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். ஃபில்டரைக் கழற்றி மாட்டிக் காட்டட்டும். எந்த வால்வு எந்தப் பகுதிக்கு என்று சுவரில் பெயின்டால் எழுதட்டும். ஒவ்வொரு டியூபின் கடைசியிலும் மடித்துக் கட்டாமல், திருகிக் கழற்றும் என்ட் கேப் போடட்டும். மாதம் ஒருமுறை அந்த கேப்பைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்டு மூடுவது வீட்டுக்காரர் வேலை.