கோடத் கிராமத்தில் ஒரு நாள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பொறியியல் பயிலும் பிள்ளைகள் பலர் உளர். வெடிமருந்துத் தொழிற்சாலையையும் இரயில்வேயையும் இராணுவப் பணிமனைகளையும் நம்பிப் புனே நகர் வந்து, கட்கியிலும் தாபோடியிலும் ராஸ்தா பேட்டையிலும் குடியேறிய தந்தையரின் பேரப்பிள்ளைகள் இன்று மின்னணுவியலும் இயந்திரவியலும் கற்கின்றனர். மகிழ வேண்டிய செய்தியே. ஆயினும் அப்பிள்ளைகளைப் பற்றி இரண்டு பெற்றோர் சந்தித்தால் எழுகின்ற கேள்வி ஒன்றுதான்: “உங்கள் பிள்ளையின் கல்லூரிக்குக் கம்பெனிக்காரர்கள் எப்போது வருகிறார்கள்?”

வளாக நேர்முகத் தேர்வு என்ற ஒரே நாளை எதிர்நோக்கி நான்கு ஆண்டுகளைக் கழித்துவிடுகிறோம். அந்நாளையன்றி ஆராய்ச்சிக்கூடங்கள் தம் வாயிலைத் திறந்து, “வாருங்கள், பாருங்கள், கேளுங்கள்” என்று மாணவரை அழைக்கும் நாட்களும் ஆண்டுதோறும் வருகின்றன என்பதை நம்மில் பலர் அறியோம். நாமும் காலந்தாழ்த்தியே அறிந்தோம். அந்தத் தாமதத்தால் நம் வீட்டில் நேர்ந்ததைச் சொன்னால் பிறர் வீட்டில் அது நேராமல் இருக்கலாம் என்ற எண்ணத்தில் இதனை எழுதுகிறோம்.

தந்தையார் இரயில்வேப் பணியில் இருக்கும்போதே காலமானார். நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, அதே இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தோம். தங்கை அப்போது சிறு பெண். நாம் விட்ட படிப்பை அவளாவது தொடரட்டும் என்று வங்கியில் கடன் பெற்றுப் பொறியியலில் சேர்த்தோம். முதலாண்டிலேயே அவள் ஓர் அறிவிப்பைக் கொண்டு வந்து காட்டினாள். நாராயண்காவ் அருகே கோடத் என்னும் கிராமத்தில் உள்ள ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில், பிப்ரவரி 28-ஆம் நாள் தேசிய அறிவியல் தினத்தன்று, யாவரும் வந்து பார்க்கலாம் என்றது அது.

“அண்ணா, போய் வரட்டுமா?” என்றாள்.

“அங்கே போனால் வேலை தருவார்களா? வேடிக்கை பார்ப்பதற்காக ஒரு நாள் படிப்பைக் கெடுத்துக்கொள்வதா?” என்றோம்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு கேட்கவும் இல்லை.

மூன்றாம் ஆண்டில் நம் அலுவலகத்து மராத்திய உதவியாளர் ஒருவர் பிப்ரவரி 28-க்கு விடுப்பு விண்ணப்பம் கொண்டு வந்தார். நாராயண்காவ் பக்கத்துத் தக்காளித் தோட்டக்காரர் குடும்பத்தவர் அவர். காரணம் கேட்டோம். “தொலைநோக்கி பார்க்க ஊரே போகும் நாள் அது. பையனைக் கூட்டிப் போக வேண்டும்” என்றார். நமக்குச் சுருக்கென்றது. ஏர் பிடிக்கும் குடும்பங்கள் தயக்கமின்றி நுழையும் வாயிலை, முப்பதாண்டுகளாக நகரத்தில் வாழும் நாம் நமக்கு உரியதன்று என்று ஒதுக்கியிருந்தோம். அன்றிரவு தங்கையிடம், “நாமும் போவோமா?” என்று கேட்டோம். “இரண்டு முறை போய்விட்டதே, அண்ணா!” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு, அன்னையாரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். இரயில்வே ஊழியராயினும் இவ்வூருக்குப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். புனேக்கு வடக்கே, நாசிக் நெடுஞ்சாலை வழியாக, ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அவ்வழியே இருப்புப்பாதை அமைக்கத் திட்டம் தீட்டப்பட்டது உண்மையே. ஆனால் மின்சார இரயிலின் ஓட்டம் தொலைநோக்கிக்கு வந்து சேரும் நுண்ணிய அலைகளைக் கெடுக்கும் என்பதால், பாதையை வேறு திசையில் திருப்ப வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு இறுதியில் அரசு தெரிவித்தது. இரயிலே ஒதுங்கி வழிவிடும் அளவுக்கு அங்கே என்னதான் இருக்கிறது என்ற ஆவலோடு சென்றோம்.

இருந்தது பெரிதே. வட்டத்தட்டு வடிவில் 30 அலைவாங்கிகள்; ஒவ்வொன்றின் விட்டமும் 45 மீட்டர். அவற்றுள் 14 ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டருக்குள் நெருங்கி நிற்கின்றன. எஞ்சிய 16 மூன்று கிளைகளாகப் பிரிந்து வயல்களுக்கிடையே நெடுந்தொலைவு செல்கின்றன. கண்ணாடி இழைகளின் வழியே அனைத்தின் செய்தியும் நடுக் கட்டடத்துக்கு வந்து கலப்பதால், அவை யாவும் சேர்ந்து 25 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரே தொலைநோக்கி போல இயங்குகின்றன. கைபேசிகளை அணைத்துவிட வேண்டும் என்பது அங்கே கட்டளை. விண்மீன் கூட்டங்களிலிருந்து வரும் அலைகளின் முன் நம் கைபேசியின் அலை பேரிரைச்சல் என்று விளக்கினர்.

அன்னையார் அண்ணாந்து பார்த்து, “இத்தனை பெரிய சல்லடையா!” என்றார். அவர் சொன்னது பொருத்தமே. அத்தட்டு தகடால் ஆனதன்று, மெல்லிய எஃகுக் கம்பி வலையால் ஆனது. விண்ணிலிருந்து வரும் அந்த அலைகளின் நீளம் வலைக்கண்ணைவிடப் பன்மடங்கு பெரிது. ஆதலால் அலைக்கு அவ்வலை சுவராகிறது, காற்றுக்கோ வாயிலாகிறது. காற்றின் அழுத்தம் குறைவதால் தாங்கும் கட்டுமானம் இலேசாகிறது, செலவும் குறைகிறது. இவ்வழியைக் கண்டு இந்நிலையத்தை உருவாக்கியவர் பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் (1929–2020). இவர் நம் நாட்டுக்கு அந்நியரல்லர். உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய ரேடியோ தொலைநோக்கியை 1970-இல் நிறுவியவரும் இவரே. மலைச்சரிவின் சாய்வையே கருவியின் சாய்வாகக் கொண்டு, அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமையச் செய்தார். நீலகிரிச் சரிவில் தொடங்கிய முயற்சிதான் இங்கே தக்காளி வயல்களுக்கு நடுவே வளர்ந்து நிற்கிறது.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆராய்ச்சி என்றால் அது இயற்பியல் படித்தவர்க்கே உரியது, பொறியியலாருக்கு அங்கே இடமில்லை என்று நாம் எண்ணியிருந்தோம். அது தவறு. 45 மீட்டர் தட்டை அணு அளவும் பிசகாமல் திருப்ப முயலும் இயந்திரங்கள், நுண்ணலையைப் பெருக்கும் மின்னணுக் கருவிகள், 30 இடத்துச் செய்தியை நொடிதோறும் கலக்கும் கணினிகள் ஆகிய அனைத்தும் பொறியியலே. அன்று பள்ளி, கல்லூரி மாணவர்கள் தாம் செய்த கருவிகளை வரிசையாக வைத்து விளக்கிக்கொண்டிருந்தனர். பஞ்சகச்சமும் வெள்ளைக் குல்லாயும் அணிந்த முதியவர் ஒருவர், நீர் பாய்ச்சும் கருவியொன்றைப் பற்றி ஒரு மாணவனை விடாமல் கேள்வி கேட்டதையும், அவன் திணறியதையும் கண்டோம். நேர்முகத் தேர்வுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி வேறு உண்டோ?

தங்கை ஒரு கூடத்தில் அலைவாங்கிக் கருவியின் முன் நின்றவள் நகரவில்லை. கேட்க நினைத்தாள், நா எழவில்லை. அன்னையார்தாம் தம் சந்தைக்கடை மராத்தியில் அங்கிருந்த பொறியாளரிடம், “இங்கே பெண் பிள்ளைகள் வேலை செய்யலாமா?” என்று கேட்டுவிட்டார். அவர் சிரித்து, பக்கத்து மேசையில் இருந்த பெண் பொறியாளரை அழைத்தார். அந்த அம்மையாரும் தங்கையும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினர். பொறியியல் மாணவர்க்கென்று பயிற்சித் திட்டம் இருப்பதும், கோடை விடுமுறையில் ஆய்வாளர்களோடு இருந்து பணி கற்கும் திட்டம் இருப்பதும், கல்லூரி மாணவர்க்கு ரேடியோ வானியல் குளிர்காலப் பள்ளி நடத்தப்பட்டு வருவதும் அன்றுதான் எமக்குத் தெரிந்தன.

பிப்ரவரி 28 ஏன் அறிவியல் தினமாயிற்று என்பதையும் இங்கே நினைவு கூர்தல் தகும். திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளிச்சிதறல் பற்றிய தம் கண்டுபிடிப்பை 1928-ஆம் ஆண்டு அந்நாளில் கல்கத்தாவில் வெளியிட்டார். 1987 முதல் அந்நாள் நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. அவர் கல்கத்தாவுக்குச் சென்றது ஆராய்ச்சிக்காக அன்று. 1907-இல் நிதித்துறை அதிகாரியாக, கணக்குப் பார்க்கவே சென்றார். பொதுமக்கள் நன்கொடையால் 1876-இல் தோன்றிய இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடம் அந்நகரில் இருந்தது. அலுவல் போக எஞ்சிய நேரத்தை அங்கே செலவிட்டார். பத்தாண்டுகள் கழித்து, 1917-இல், உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார். மொழி வேறான ஊருக்குப் பிழைக்கச் சென்ற தமிழர் ஒருவர், திறந்திருந்த வாயிலைக் கண்டு உள்ளே நுழைந்தார். நம் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான நாள் வேறு ஏது?

கல்லூரிகளிலும் இத்தகைய வாய்ப்புகள் உண்டு. புனேயில் 1854-இல் தொடங்கி, 2022-இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த பழம்பெரும் பொறியியல் கல்லூரியை யாவரும் அறிவர். விசுவேசுவரய்யா பயின்ற கல்லூரி அது. அங்கே ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற தொழில்நுட்ப விழாவை மாணவர்களே நடத்துகின்றனர். அக்கல்லூரி மாணவர்கள் 2008-இல் ஒரு சிறு செயற்கைக்கோள் செய்யத் தொடங்கினர். ‘ஸ்வயம்’ என்று பெயர். எடை ஒரு கிலோகிராமுக்குள். எட்டாண்டு உழைப்புக்குப் பின் 2016 ஜூன் 22-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது விண்ணேறியது. பொறியியல் படிப்போ நான்காண்டு. ஆகவே தொடங்கியவர்கள் பட்டம் பெற்றுப் போக, பின்வந்தவர்கள் அப்பணியைத் தொடர்ந்து முடித்தனர் என்பது வெளிப்படை. அதே ஏவுகலத்தில் சென்ற 20 செயற்கைக்கோள்களுள் சென்னை சத்யபாமா பல்கலைக்கழக மாணவர்களின் ஒன்றரைக் கிலோகிராம் கோளும் ஒன்று. புனேயும் சென்னையும் அன்று ஒரே தேரில் ஏறின.

“எல்லாம் சரி, கடனை யார் அடைப்பது?” என்று கேட்பீர்கள். நம் அன்னையாரும் அதையே கேட்டார். நியாயமான கேள்வி. ஆராய்ச்சி என்பது மேலும் மேலும் பணம் கட்டிப் படிப்பது என்றே நாமும் எண்ணியிருந்தோம். விவரம் வேறு. ‘கேட்’ தேர்வில் தகுதி பெற்று, அங்கீகாரமுள்ள நிறுவனத்தில் முதுநிலைப் பொறியியல் சேரும் மாணவருக்கு மாதம் ரூ. 12,400 உதவித்தொகை உண்டு. அதற்கு மேல் இளநிலை ஆய்வாளராகத் தேர்வு பெற்றால், 2023 ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000, இரண்டாண்டு கழிந்து முதுநிலை ஆய்வாளரானால் ரூ. 42,000. பெரிய நிறுவனங்களின் சம்பளத்துக்கு இது ஈடாகாது என்பது மெய். ஆனால் பட்டினி கிடக்கும் வழியும் அன்று.

தங்கை அவ்வாண்டே ஓர் ஆய்வுக்கூடத்துக்கு விண்ணப்பித்தாள். இடமில்லை என்று விடை வந்தது. மற்றொன்றுக்கு விண்ணப்பித்து ஆறு வாரப் பயிற்சி பெற்றாள். இன்று நான்காம் ஆண்டு. வளாகத் தேர்வில் ஒரு நிறுவனம் அவளுக்கு வேலை தர முன்வந்துள்ளது. அவளோ பிப்ரவரியில் ‘கேட்’ எழுதிப் பார்க்க வேண்டும் என்கிறாள். வீட்டில் பல இரவுகள் பேசினோம். அன்னையார் நெடுநேரம் மௌனமாக இருந்து, “உன் படிப்பு பாதியில் நின்றபோது கேட்க ஆளில்லை. இவள் கேட்கிறாள், கேட்டது கிடைக்கட்டும்” என்றார். தேர்வு முடிவு வரும்வரை பொறுப்பதென்றும், அது கைகூடாவிடில் வேலையில் சேர்வதென்றும் முடிவு செய்தோம். முடிவு எதுவாயினும் அது அவள் அறிந்து எடுத்த முடிவாக இருக்கும். முதலாண்டிலேயே போக விட்டிருந்தால் இரண்டாண்டு முன்னரே அறிந்திருப்பாள். அந்தக் குறை நம்முடையது.

ஆதலின் அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இது. வருகிற பிப்ரவரி 28-ஆம் நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கோடத் செல்ல இயலாதோர் நகரத்திலேயே ஆய்வுக்கூடங்களில் நடைபெறும் அறிவியல் தின நிகழ்ச்சிகளை விசாரித்து அறியலாம். பிள்ளையைத் தனியே அனுப்பாமல் நீங்களும் உடன் செல்லுங்கள். புரியுமோ புரியாதோ என்று அஞ்ச வேண்டா; நாமும் பத்தாம் வகுப்பே. பிள்ளை கேட்கக் கூசும் கேள்வியைப் பெற்றோர் கேட்கலாம். பயிற்சிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், யாருக்கு எழுத வேண்டும், எந்த ஆண்டு மாணவர் தகுதியுடையவர் என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். அத்தாளைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் பயன்படும்.

நம் தந்தையர் இவ்வூருக்கு வந்தபோது தொழிற்சாலை வாயிலில் வரிசையில் நின்று உள்ளே சென்றனர். அழைப்பு இருந்ததால் நின்றனர். இன்று ஆராய்ச்சிக்கூடத்து வாயிலும் அழைக்கிறது. அங்கே செல்ல வேண்டியது நம் கடமை.