மதியம் இரண்டு மணிக்குத் தூண்டிலை மடக்குங்கள்!

ஜூலை மாதம், காலை ஆறு மணி. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், மொன்டானா மாநிலத்தின் மேடிசன் ஆறு. கோடைக்காலம்தான், ஆனாலும் தண்ணீரில் கால் வைத்தால் சில்லிடுகிறது. டிரவுட் மீன் பிடிக்க வந்தவர் முழங்கால் ஆழத்தில் நிற்கிறார். அனுபவசாலி என்றால் தூண்டிலை வீசும் முன் வெப்பமானியை நீரில் விட்டுப் பார்ப்பார்.

நம் ஊர் மீன்பிடிக் குளங்களில் இறாலைக் கோத்துப் போட்டுக் காத்திருந்து பழகியவர்களுக்கு ‘ஃபிளை ஃபிஷிங்’ புதுமையாக இருக்கும். இதில் உண்மையான இரை இல்லை. இறகு, நூல், முடி ஆகியவற்றைக் கொக்கியில் சுற்றிப் பூச்சிபோல் செய்கிறார்கள். அதற்கு எடையே இல்லாததால், கனமான தூண்டில் கயிற்றை முன்னும் பின்னும் வீசித்தான் அதைக் கொண்டுசேர்க்க வேண்டும்.

எந்தப் பூச்சியைக் கட்டுவது? அதை ஆறுதான் சொல்லும். ஜூன் இறுதியில் விரல் நீளமுள்ள ‘சால்மன்ஃபிளை’ பூச்சிகள் பறக்கும். ஆகஸ்டில் கரையோரப் புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் நீரில் விழும். போலிப் பூச்சி நீரோட்டத்தோடு இயல்பாக மிதக்க வேண்டும். கயிறு கொஞ்சம் இழுத்தாலும் மீன் சந்தேகப்பட்டு விலகிவிடும்.

மேடிசனின் டிரவுட் மீன்களுக்கு ஒரு கதை உண்டு. பண்ணைக் குஞ்சுகளை விட்டால் காட்டு மீன்கள் குறைகின்றன என்பதை இந்த ஆற்றில் நடந்த ஆய்வு காட்டியது. அதன்பின் 1974இல், காட்டு டிரவுட் வாழும் ஆறுகளில் குஞ்சுகள் விடுவதை மொன்டானா நிறுத்தியது. ஆகவே, இங்கே ஒரு மீன் செத்தால் அந்த இடத்தை நிரப்பப் பண்ணையிலிருந்து இன்னொன்று வராது.

வெப்பமானி தேவைப்படுவது இதனால்தான். நீர் சூடானால் அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும். சுமார் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டிரவுட் திணறத் தொடங்கும். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடு! தூண்டிலில் போராடிக் களைத்த மீனை அந்த நிலையில் ஆற்றில் விட்டாலும், அது பிழைப்பது நிச்சயமில்லை.

எனவே நீரின் வெப்பம் சுமார் 23 டிகிரியை மூன்று நாள் தொடர்ந்து தொட்டால், பொதுவாக மதியம் இரண்டு மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை வரும். இதற்கு ‘ஹூட் அவுல்’, அதாவது ஆந்தை விதி என்று பெயர். காட்டுத்தீக்குப் பயந்து, ஆந்தை கத்தும் விடியற்காலையிலேயே மரம் வெட்டிய தொழிலாளர்களிடமிருந்து வந்த பெயர் அது.

விடுமுறையில் அந்தப் பக்கம் போகிறீர்களா? மீன்பிடி உரிமம் வாங்குங்கள். அன்றைய தடை அறிவிப்பைப் பாருங்கள். முள் இல்லாத கொக்கியைப் பயன்படுத்துங்கள். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்காக அதை நீருக்கு வெளியே வைத்திருக்காதீர்கள்.

தடை வராத நாளிலும் வெப்பமானி 20ஐ நெருங்கினால், கரையேறிவிடுங்கள். பிள்ளைகளோடு போயிருந்தால், ஏன் நிறுத்தினோம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். மறுநாள் விடியலில் ஆறு மீண்டும் குளிர்ந்திருக்கும்.